‘சரி’க்குப் பிறகு வந்த வாழ்த்து

வசனம் எழுத வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நல்ல வார்த்தையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். படித்து முடித்துவிட்டு, “இந்த மனுஷன் ஏன் இவ்வளவு கசப்பாக எழுதுகிறார்” என்று முகம் சுளித்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. இனிப்பாக எழுதச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை.

முதலில் ஒரு சிரிப்பு. நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் ஒரு தொலைக்காட்சித் தொடரில் எனக்கு உதவி வசனகர்த்தா ஒருவர் இருந்தார். படித்தவர், வேகமானவர். மாமனார் இறந்த செய்தியை மருமகள் போனில் சொல்கிற காட்சி. ‘மாமா தவறிட்டாங்க’ என்று எழுதிவைத்திருந்தேன். போன வாரமே வேறொரு சாவுக்கு ‘தவறிட்டாங்க’ வந்துவிட்டதாம். என்னைக் கேட்காமல் ‘மாமா போய்ச் சேர்ந்துட்டாங்க’ என்று மாற்றிவிட்டார். அந்த நடிகை கண்ணில் கிளிசரின் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் சொன்னார். லைட்மேனிலிருந்து டீ கொடுப்பவர் வரை எல்லோரும் குபீரென்று சிரித்துவிட்டார்கள். “ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்தானே சார்?” என்று உதவியாளர் என்னிடம் வாதாடினார். ஒரே அர்த்தம்தான். ஒருவர் தவறினால் வீடு அழுகிறது. ஒருவர் போய்ச் சேர்ந்தால் வீடு அப்பாடா என்கிறது. நல்லவளாக வளர்த்த மருமகளை அவர் ஒரே வார்த்தையில் கெட்டவளாக்கிவிட்டார்.

அர்த்தம் அகராதியில் இருக்கும். வார்த்தையின் வாடை அங்கே இருக்காது. அது பேசுகிற ஆளிடம் இருக்கிறது, கேட்கிற ஆளிடம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலே அந்த வார்த்தைக்கு முன்னால் என்ன பேசினார்கள் என்பதில் இருக்கிறது. இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. எனக்கு இது புரிந்த அன்றைக்கும் நஷ்டப்பட்டவன் நான் இல்லை. என் வசனத்தைப் பேசியவன்தான்.

1991. நான் குன்றத்தூரில் குடியிருந்தேன். பகலில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துவேன். மாலையில் திருவிழாக்களுக்கும் சங்க விழாக்களுக்கும் நாடகம் எழுதுவேன், நானே சொல்லிக்கொடுத்து மேடையேற்றுவேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற வழியில் அப்போது புதிதாக ஒரு தொழிற்சாலை வந்திருந்தது. பம்ப் செட்டுக்கு உதிரி பாகம் செய்கிற இடம். அங்கே ஆயுத பூஜைக்குத் தொழிலாளர்களே நடிக்கிற நாடகம் ஒன்று வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டவர் பர்சனல் ஆபீசர். ஆள் எடுப்பது, நிறுத்துவது எல்லாம் அவர் கையில். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சிரித்த முகம். முதல் நாளே கதையையும் அவரே சொல்லிவிட்டார். ஒரு விவசாயி, தொழிற்சாலைக்குத் தன் நிலத்தைக் கொடுக்கிறான். முதலாளி அவனுக்கு வாழ்வு கொடுக்கிறார். கடைசியில் விவசாயி முதலாளியை வாழ்த்துகிறான். அவ்வளவுதான்.

“பம்பாயிலேருந்து எம்.டி. வாராரு. அவருக்குத் தமிழ் தெரியாது. கதைச் சுருக்கத்த இங்கிலீஷ்ல டைப் அடிச்சு அனுப்பியாச்சு. கடைசில வாழ்த்துதான்னு அதுல போட்டிருக்கு. அதுல மட்டும் கைய வச்சிராதீரும்,” என்றார்.

விவசாயி வேஷத்துக்கு ஆளையும் அவரே பிடித்து வைத்திருந்தார். தனக்கோட்டி. இருபத்து நாலு, இருபத்தைந்து வயதிருக்கும். கட்டையான உடம்பு, நல்ல கணீர்க் குரல். அவன் வேலை செய்த ஷெட் நின்றதே அவன் அம்மாவின் நிலத்தில்தான். நிலம் வாங்க வந்த புரோக்கர்கள் வீட்டுக்கு ஒரு வேலை என்று சொல்லித்தான் கைநாட்டு வாங்கினார்கள். வேலையும் கொடுத்தார்கள், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லோரும் டெம்பரவரி. பர்மனென்ட் ஆகிறவர்களின் பெயர் ஆயுத பூஜை முடிந்ததும் வெளியாகும் என்று பேச்சு. அந்தப் பட்டியலில் தனக்கோட்டி பெயரும் இருக்கிறது என்றும், நாடகத்தில் நன்றாக நடித்தால் எம்.டி. கையாலேயே ஆர்டர் கிடைக்கும் என்றும் ஆபீசர் அவனிடம் சொல்லியிருந்தார். அவன் என்னிடம் முதல் நாள் பேசிய பேச்சே அதுதான்.

“வாத்தியாரே, எனக்கு நடிக்கல்லாம் தெரியாது. நீங்க இன்னா சொல்றீங்களோ அத அப்டியே சொல்லிட்றேன். ஒரு வார்த்த கூட தப்பாது. ஆர்டர் மட்டும் வந்துட்டா போதும்.”

நான் எழுதிய கடைசிக் காட்சி இப்படி. விவசாயி பட்டாவை முதலாளி கையில் கொடுக்கிறான். முதலாளி, “உன் வீட்டுக்கு ஒரு வேலை. அது நிரந்தரம். இது என் வாக்கு” என்கிறார். விவசாயி கையெடுத்துக் கும்பிட்டு, “நல்லா இருங்க” என்கிறான். திரை. பெரிய காவியம் ஒன்றும் இல்லை. ஆனாலும் நிற்கிற வசனம். வாக்கு ஒன்று வருகிறது, அதற்குப் பதிலாக வாழ்த்து ஒன்று போகிறது.

ஆபீசர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். விவசாயி வறுமையைச் சொல்லிப் புலம்புகிற பக்கத்தை அப்படியே விட்டார். கடன்காரன் திட்டுகிற வசையையும் விட்டார். நேராகக் கடைசிப் பக்கத்துக்கு வந்து, முதலாளியின் மூன்று வரியையும் அடித்தார்.

“என்னவே, ‘நிரந்தரம்’னு எழுதிருக்கீரு? மேடையில முதலாளி வேஷம் போட்டவன் நிரந்தரம்னு சொன்னா, மறுநாள் காலைல கேட்டுல வந்து நிக்க மாட்டானுவளா? எம்.டி. முன்னாலயே சொன்னீங்கள்லான்னு கேப்பானுவ.”

சரி, வேறு வார்த்தை போடுகிறேன் என்றேன். “உன் மகனை நான் பார்த்துக்கிறேன்.” இது போதுமா?

“அது அதவிட மோசம். நிரந்தரம்னா சம்பளத்தோட போயிரும். பாத்துக்கிறேன்னா அவன் தங்கச்சி கல்யாணம் வரைக்கும் கேப்பான்.”

“கவலைப்படாதே” என்று போட்டால்?

“கவலப்படாதன்னா, கவலப்பட என்னமோ இருக்குன்னுல்லா ஆகுது?”

அந்த மனிதரை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன். ஒவ்வொரு வார்த்தையையும் அவர் முகர்ந்து பார்த்த மாதிரி நானே பார்த்ததில்லை. தன் பக்கத்து வார்த்தைகளை மட்டும். கடைசியில் முதலாளிக்கு என்ன வசனம் மிஞ்சியது தெரியுமா? பட்டாவை வாங்கிக்கொண்டு “சரி” என்பார். அவ்வளவுதான். ‘சரி’யில் வம்பு எதுவும் இல்லை என்று ஆபீசருக்குத் திருப்தி.

“சார், முதலாளி ‘சரி’ன்னு மட்டும் சொன்னா, அதுக்கப்புறம் இவன் ‘நல்லா இருங்க’ன்னு சொல்லக் கூடாது. அது வாழ்த்து ஆகாது,” என்றேன்.

“நல்லா இருங்கன்னா நல்லா இருங்கதானவே?”

நீங்களும் இந்த ஊரில்தானே பிறந்தீர்கள், உங்களுக்கே தெரியும். குழாயடிச் சண்டையில் ‘நாசமாப் போவ’ என்கிறோம், ‘வெளங்காம போயிடுவ’ என்கிறோம். அதெல்லாம் சாயங்காலமே மறந்துபோகிற பேச்சு. உண்மையிலேயே வயிறு எரிகிறவர்கள் அப்படிப் பேசுவதில்லை. வட்டிக்காரன் வீட்டுப் பாத்திரத்தை அள்ளிக்கொண்டு போகும்போது, அண்ணன்காரன் தங்கையின் பங்கையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போகும்போது, வாசலில் நின்று மெதுவாக ஒரு வார்த்தை சொல்வார்கள். “நல்லா இருப்பா.” அதைக் கேட்டவனுக்கு ராத்திரி தூக்கம் வராது. அகராதிப்படி அது ஆசீர்வாதம்.

‘வரேங்க’ என்று முடிக்கலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். ஆபீசர் மசியவில்லை. இங்கிலீஷில் வாழ்த்து என்று போய்விட்டது. ஆகவே தமிழிலும் வாழ்த்துதான்.

ஒத்திகையில் தனக்கோட்டிக்கே விஷயம் புரிந்துவிட்டது. ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு அவனாகவே நிறுத்தினான்.

“வாத்தியாரே, இது இன்னா சாபம் குட்கற மாரி கீது?”

“சிரிச்சுக்கிட்டே சொல்லிப் பாருடா.”

சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கே முதுகு சில்லிட்டது. “சிரிச்சிகினு சொன்னா இன்னும் பயமா கீது வாத்தியாரே,” என்றான். கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லச் சொன்னேன். அது அதைவிட மோசம். ‘மகராசனா’ என்று முன்னால் ஒரு வார்த்தை சேர்த்தோம். சேர்த்த பிறகு கேட்கவே முடியவில்லை. எவ்வளவு மரியாதை கூடியதோ அவ்வளவு எரிச்சலும் கூடியது. கடைசியில் எந்த உணர்ச்சியும் வேண்டாம், நேரம் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடு என்றேன். எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் அவ்வளவுதான்.

“நான் வேற எதுனா சொல்லிட்டுமா?” என்று கேட்டான். பிறகு அவனே தலையை ஆட்டிக்கொண்டான். “வேணாம். எழுதினத மாத்திட்டான்னு சொல்லிப் பேர எடுத்துடப் போறாங்க. கீறதயே சொல்லிட்றேன்.”

ஆயுத பூஜை அன்று மெஷின்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஷெட்டுக்குள்ளேயே பலகை அடுக்கி மேடை போட்டிருந்தார்கள். சுற்று வட்டாரத்து ஊர்களிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் எல்லாம் பொரியும் கடலையும் கையுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தன. பாதிப் பேர் தாங்கள் உழுத மண்ணின் மேல் போட்ட சிமென்ட்டில் உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் எம்.டி. மாலையோடு இருந்தார். நல்ல மனிதர் போலத்தான் தெரிந்தார். பக்கத்தில் ஆபீசர் குனிந்து குனிந்து இங்கிலீஷில் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

நாடகம் தடங்கல் இல்லாமல் போனது. கடைசிக் காட்சி வந்தது. தனக்கோட்டி பட்டாவை நீட்டினான். முதலாளி வேஷம் போட்டிருந்த அக்கவுண்ட்ஸ் கிளார்க் அதை வாங்கினார். “சரி” என்றார். என்ன தோன்றியதோ, அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. சபையில் பேச்சு நின்றுபோனது.

தனக்கோட்டி அந்தச் சட்டைப்பையைப் பார்த்தான். அப்புறம் சொன்னான்.

“நல்லா இருங்க.”

நான் சொன்ன மாதிரியே, நேரம் கேட்கிற மாதிரியே சொன்னான். ஏற்றமில்லை, இறக்கமில்லை, கண்ணில் தண்ணீரில்லை. பின்னால் ஒரு பெண்பிள்ளை “ஐயோ” என்றாள். இன்னொருத்தி, “மண்ண வாரித் தூத்தாத கொறதான்” என்று முனகியது மேடை வரைக்கும் கேட்டது. ஆபீசர் முகத்தில் இரத்தமே இல்லை. எம்.டி. அவர் பக்கம் சாய்ந்து என்னவோ கேட்டார். ஆபீசர் என்ன செய்வார் பாவம், மொழிபெயர்த்தார். எம்.டி. நெகிழ்ந்துபோய் எழுந்து நின்று, தனக்கோட்டியைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

அதற்குப் பிறகுதான் கைதட்டல் வந்தது. பின்வரிசையில் வாலிபர்கள் ஆரம்பித்தார்கள். விசில் பறந்தது. நிற்கவே இல்லை. எம்.டி.யும் தட்டினார். மேடையேறி வந்து தனக்கோட்டிக்குப் பொன்னாடை போர்த்தினார்; ஆர்டர் எதுவும் கொடுக்கவில்லை. அவன் அந்தச் சால்வைக்குள் விறைத்துப்போய் நின்றான். தொழில் ரீதியாகச் சொன்னால், நான் எழுதியதிலேயே சபை இவ்வளவு துல்லியமாகப் புரிந்துகொண்ட வசனம் வேறு கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை.

எம்.டி.க்கு உண்மை தெரிந்தது விமான நிலையத்துக்குப் போகிற வழியில்தான். காரோட்டி கொஞ்சம் இந்தி தெரிந்த தமிழ் ஆள். இவர் அந்தக் காட்சியைப் பற்றிப் பெருமையாகப் பேச, அவர் தாங்கமாட்டாமல் சொல்லிவிட்டார். “என்னை ஒருவன் சபித்தான், நான் அவனைக் கும்பிட்டேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து அதை வாழ்த்து என்றாய்” என்று பம்பாயிலிருந்து ஆபீசருக்குப் போன் வந்ததாம். ஆபீசரே என்னிடம் சொன்னார். என்னை வரச்சொல்லியிருந்தார். தனக்கோட்டியும் அந்த அறையில் நின்றிருந்தான்.

“ஏய், நீ வாழ்த்துனியா, சபிச்சியா? உள்ளதச் சொல்லு,” என்று கேட்டார்.

“ஏட்டுல இன்னா இருந்துச்சோ அதத்தான் சொன்னேன் சார்.”

நான் கையெழுத்துப் பிரதியை மேஜையில் வைத்தேன். அவர் சிவப்புப் பேனா பட்ட அதே பிரதி. “இதுல எந்த வார்த்தை தப்புன்னு காட்டுங்க சார்,” என்றேன்.

“வார்த்தை தப்பில்லவே. அவன் சொன்ன விதம்.”

“விதத்துக்கு சார்ஜ் ஷீட் எழுதிடுவீங்களா? ‘இன்னார் எம்.டி.யைப் பார்த்து நல்லா இருங்கன்னு சொன்னார், ஆகவே நீக்குகிறோம்’னு எழுதுங்க பார்க்கலாம்.”

அவரால் எழுத முடியாது. எழுதினால் லேபர் கோர்ட்டில் சிரிப்பார்கள். அறையை விட்டு வெளியே வரும்போது ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். தனக்கோட்டியின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுக் குன்றத்தூருக்குப் பஸ் ஏறினேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம்! வார்த்தை விளையாட்டில் அந்த ஆபீசர் என்னைவிடக் கெட்டிக்காரர் என்பதை அப்போதும் நான் புரிந்துகொள்ளவில்லை.

அடுத்த வாரம் தனக்கோட்டி அச்சகத்துக்கே என்னைத் தேடி வந்தான்.

“வேலய வுட்டு நின்னுட்டேன் வாத்தியாரே.”

“நின்னுட்டியா? நிறுத்திட்டாங்களா?”

செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்ததைச் சொன்னான். ஆபீசர் தனியே கூப்பிட்டு, அன்பாக உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். ‘நிறுத்துறோம்’ என்ற வார்த்தையே அவர் வாயிலிருந்து வரவில்லை. “நீயா நின்னுக்க” என்றிருக்கிறார். நீயாக நின்றுகொண்டால் உன் வீட்டுக்கு உள்ள இடம் உன் வீட்டுக்கே இருக்கும், பின்னால் உன் தம்பியைக் கேட்கலாம். முரண்டு பிடித்தால் உனக்கும் இல்லை, உன் வீட்டுக்கும் இல்லை. தனக்கோட்டி தானாகவே நிற்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறான்.

நம் மொழியின் அழகைப் பாருங்கள். நிறுத்தினார்கள் என்றால், நிறுத்திய ஆள் ஒருவன் எங்கோ இருந்தாக வேண்டும். நின்றுவிட்டான் என்றால் வேறு யாருமே தேவையில்லை. ஒருவன் இருந்தான், அவனே நின்றுவிட்டான். ஆபீசர் இல்லை, எம்.டி. இல்லை, கம்பெனி இல்லை. நான் வருஷக்கணக்கில் வசனம் எழுதிக் கிழித்தும் முடியாததை அந்த மனிதர் ஒரே வினைச்சொல்லில் சாதித்துவிட்டார்.

“தம்பிக்குக் கொடுக்கிறேன்னு சொன்னாரா?” என்று கேட்டேன்.

“‘பாப்போம்’னாரு.”

“பார்ப்போம்னா இல்லன்னுதாண்டா அர்த்தம்.”

“தெரியும் வாத்தியாரே. ஆனா இல்லன்னு சொல்லலல்ல?”

அவன் வந்தது இதைச் சொல்ல அல்ல. அவன் அம்மாவிடம் நான் வந்து பேச வேண்டும். துரத்திவிட்டார்கள் என்று தெரிந்தால் அந்த அம்மா நேராக கேட்டில் போய்க் குந்திக்கொண்டு, ஊரைக் கூட்டி மாரடித்துக்கொள்ளும். அப்புறம் தம்பிக்காக எந்த முகத்தோடு போய்க் கேட்பது? ஆகவே அவனே நின்றுவிட்டான் என்றுதான் அம்மாவும் நம்ப வேண்டும். அவன் சொன்னால் நம்பமாட்டாள். நான் சொன்னால் நம்புவாள்.

எனக்கு விருப்பமே இல்லை. உண்மையைச் சொல்லிவிடு, தம்பிக்கு வேலை வரப்போவதில்லை, அம்மாவாவது உன் பக்கம் இருப்பாள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். அவன் கேட்கவில்லை. அவனிடம் மிஞ்சியிருந்தது அந்த ‘பாப்போம்’ ஒன்றுதான். அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

படப்பையில் பஸ் மாறிப் போனோம். வழியெல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டு வந்தான். “அம்மா அடிக்கும் வாத்தியாரே. கைல எது கெடச்சாலும் எடுத்துக்கும். நீங்க குறுக்க வந்துடாதீங்க. அடிச்சிட்டா கோவம் பூடும். நைட்டு அதுவே சோறு போட்டுக் கூப்டும்.” அடி வாங்குவதற்கு அவன் தயாராகத்தான் வந்தான். கிட்டத்தட்ட ஆசையாகவே வந்தான்.

அவன் அம்மா முனியம்மா அடுத்தவர் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். கையெல்லாம் மண். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வா சார், குந்து. நாடகம் எழுதினவரு தானே? ஊரே பேசிக்கீது.” பிறகு மகனைப் பார்த்தாள். “இன்னாடா, ஷிப்டுக்குப் போவாம இங்க வந்து நிக்கற?”

தனக்கோட்டி என்னைப் பார்த்தான். நான் சொன்னேன். “அம்மா, தனக்கோட்டி வேலையை விட்டு நின்னுட்டான்.”

அவள் உட்கார்ந்தபடியே என் முகத்தைப் பார்த்தாள். “மெய்யாலும் சொல்லு சார். தொரத்திட்டாங்களா?”

“இல்லம்மா. அவனேதான் நின்னுட்டான்.”

தனக்கோட்டி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். முதுகைக்கூட லேசாக வளைத்துக் கொடுத்தான். முனியம்மா எழுந்தாள். பக்கத்தில் விறகுக் கட்டை கிடந்தது. அதைத் தாண்டிப் போனாள். குடத்துத் தண்ணீரில் நிதானமாகக் கை கழுவினாள். புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

“சோறு கீது. துன்னுட்டுப் போங்க,” என்றாள்.

என்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, “வேணாம்மா, நேரமாச்சு” என்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அவளுடைய பார்வை மகன் மேல் இருந்தது.

“ஒங்களத்தாங்க. துன்றீங்களா, இல்ல வேலையா கீறீங்களா? நெலத்த வித்து வாங்கின வேல. நீங்களா நின்னுட்டீங்க. பெரிய மனுசரு. நான் இன்னாங்க சொல்றதுக்கு கீது?”

தனக்கோட்டி, “யம்மா, அடிச்சுடும்மா” என்றான். இருபத்தைந்து வயது ஆள். குரல் உடைந்துவிட்டது. அவள் உள்ளே போய்விட்டாள்.

உங்களுக்கு மரியாதை விகுதி சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பெரியவர்களுக்கு ‘ங்க’ போடு, வசனம் பண்பாக இருக்கும் என்று. அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து நான் அழுதேன். வெட்கமாக இல்லை, சொல்கிறேன். ஆத்திரமாகவும் இருந்தது. அந்த ஆபீசர் மேல், அவர் வாங்கிக் கொடுத்த டீ மேல், கைதட்டிவிட்டுப் போன எம்.டி. மேல், என் தொழில் மேல். எந்தக் கெட்ட வார்த்தையும் பேசாமலே ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டார்கள். எல்லாமே நல்ல வார்த்தை. அத்தனையும் மரியாதையான வார்த்தை. ஆகவே வசனம் எழுதும்போது வசைச்சொல்லைக் கண்டு பயப்படாதீர்கள். சென்சார்காரர்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள். பாத்திரம் மரியாதையாகப் பேச ஆரம்பிக்கிற இடத்தில் பேனாவை நிறுத்தி, அதற்கு முந்தின வரியை இன்னொரு தடவை படியுங்கள்.

தம்பிக்கு வேலை வரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்கள், வேறொன்றும் நடக்கவில்லை. அந்தத் தம்பி பெயின்ட் அடிக்கப் போய்விட்டான். ஆபீசர் பெரிய கம்பெனி ஒன்றுக்கு மாறிப் போனதாகக் கேள்விப்பட்டேன். நான் தொலைக்காட்சிக்கு வந்துவிட்டேன்.

வெகு காலத்துக்குப் பிறகு ஒருநாள் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் தனக்கோட்டியைப் பார்த்தேன். லாரி ஷெட்டில் லோடு ஏற்றுகிற வேலை என்றான். தலை நரைத்திருந்தது. கல்யாணம் ஆகிப் பிள்ளைகள் இருக்கிறார்களாம். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

“கீது. எங்கூடத்தான் கீது. வேளா வேளைக்குச் சோறு போடுது. வாங்க, போங்கன்னுதான் வாத்தியாரே இன்னும் கூப்டுது. எம் பசங்க சிரிக்குதுங்க, ஆயா இன்னா அப்பாவப் போய் இப்டி கூப்டுதுன்னு.”

எனக்குத் தாங்கவில்லை. “தம்பி கதைதான் முடிஞ்சுபோச்சேடா. இனிமே என்ன பயம்? தொரத்திட்டாங்கன்னு இப்பவாவது அம்மாகிட்ட சொல்லித் தொலையேன்,” என்று கத்திவிட்டேன். பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“சொன்னேன் வாத்தியாரே. எல்லாத்தயும் சொன்னேன். ஆபீசர் கூப்ட்டது, டீ குடுத்தது, கையெழுத்து வாங்கினது, எல்லாம். மொதல்லேருந்து கடைசி வரைக்கும் நல்லாத்தான் கேட்டுகினு இருந்துச்சு. கேட்டுட்டு, ‘அப்டிங்களா’ன்னுச்சு.”